பாலம் பொதுச் சொத்தா? குடும்பச் சொத்தா?

ஆற்றின் மேல் பாலம் போடுவது எதற்காக என்று ஒரு சிறு பையனைக் கேட்டாலும், "அக்கரைக்குப் போவதற்கு" என்று உடனே பதில் சொல்லி விடுவான். அதே கேள்வியைப் பாலத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் ஒரு முதலாளியைக் கேட்டால், "அக்கரைக்குப் போகிறவனிடம் காசு வாங்குவதற்கு" என்றுதான் அவன் சொல்லக்கூடும். இந்த இரண்டு பதில்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியே நாம் இவ்வாரம் எழுதக் கருதுகிறோம்.

நாம் சொல்லப்போவது அமெரிக்கா ஐக்கிய நாட்டுக்கும் கனடாவுக்கும் எல்லையாக ஓடும் டெட்ராய்ட் நதிப் பாலத்தின் கதை. "எங்கேயோ இருக்கும் பாலத்தைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். ஆற்றைக் கடக்க வேண்டிய அவசியம் எந்த தேசத்து மனிதனுக்கும் ஒன்றுதான். அந்த அவசியத்தின் குறுக்கே உட்கார்ந்துகொண்டு பணம் பறிக்கும் புத்தியும் எந்த தேசத்திலும் ஒன்றுதான். அன்றியும், மகா நாகரிகம் பெற்றவை என்று சொல்லப்படும் இரண்டு பெரிய தேசங்களிலேயே இப்படி நடந்திருக்குமானால், மற்ற இடங்களில் ஜனங்கள் எவ்வளவு ஜாக்கிரதையாய் இருக்க வேண்டும் என்பதை யோசித்துப் பார்க்கட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

டெட்ராய்ட் மோட்டார் கார் செய்யும் பட்டணம். அக்கரையில் கனடாவைச் சேர்ந்த விண்ட்சர் நகரம். இவ்விரண்டையும் சேர்க்க 1929-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அம்பாஸிடர் பாலம் என்னும் ஒரு தொங்கு பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுக்கண் மட்டும் 1,850 அடி நீளம். 1931-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் திறக்கப்படும் வரையில், உலகத்திலேயே இவ்வளவு நீளமான கண் வேறு எந்தப் பாலத்துக்கும் கிடையாது. அதைக் கணக்குப் போட்டுக் கட்டிய இஞ்சினீர்களின் அறிவையும், உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்த தொழிலாளிகளின் துணிவையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இன்று அந்தப் பாலம் இஞ்சினீர்களுக்குச் சொந்தமல்ல, தொழிலாளிகளுக்குச் சொந்தமல்ல, டெட்ராய்ட் ஜனங்களுக்கோ விண்ட்சர் ஜனங்களுக்கோ சொந்தமல்ல, இரண்டு சர்க்கார்களில் எதற்கும் சொந்தமல்ல. ஒரு குடும்பத்துக்குச் சொந்தம்!

இரண்டு தேசங்களுக்கு நடுவே உள்ள வாசற்படி ஒரு வீட்டுக்காரருடைய திண்ணையாய் இருப்பதை நாம் என்னவென்று சொல்லுவது?

இது எப்படி வந்தது என்று பார்ப்போம். 1921-ல் இரு தேசத்துச் சட்டசபைகளும் பாலம் கட்டிக் கொள்ளும்படி தனியார் கம்பெனிகளுக்கு அதிகாரம் கொடுத்தன. 1927-ல் டெட்ராய்ட் ஜனங்களுடைய ஓட்டு கேட்கப்பட்டு, பெருவாரியானவர்கள் சரி என்றார்கள். சர்க்கார் பணம் ஒரு காசும் வேண்டாம், பாலம் மட்டும் வந்து விடும் என்று சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஜோசப் பவர் என்கிற பணமேற்பாட்டுக்காரர் மூலதனம் திரட்டினார், பாலம் எழும்பிற்று. உடனே வந்தது 1930-களின் பெரும் பணமுடை. கம்பெனி கடன் கட்ட முடியாமல் தத்தளித்து, பின்னர் புதுக் கம்பெனியாக மாற்றி அமைக்கப்பட்டது. அதன் பங்குகள் பல கை மாறின. கடைசியில் 1979-ல் லாரித் தொழில் நடத்திவந்த மானுவெல் மொரூன் என்பவர் கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். அவர் 2020-ல் காலமானார். பிறகு நிர்வாகம் அவருடைய மகன் கைக்குப் போயிற்று.

இதில் ஒரு சங்கதியை வாசகர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். "கஷ்டப்பட்டுக் கட்டினவனுக்குப் பலன் வேண்டாமா?" என்பதுதான் இப்படிப்பட்ட சொத்துக்காரர்களுக்காக எப்போதும் சொல்லப்படும் சமாதானம். பாலத்துக்கு முதலில் பணம் திரட்டினவர் வேறு. பணமுடையில் நஷ்டப்பட்டவர்கள் வேறு. இரும்பை முறுக்கி வடமாக்கினவர்கள் வேறு. பாலம் கட்டி ஐம்பது வருஷம் ஆன பிறகு, கட்டின கடனெல்லாம் பழங்கதையாய்ப் போன பிறகு, பங்குக் காகிதத்தை வாங்கினவர் வேறு. அவர் மகனோ பிறந்த காரணத்தினாலேயே பாத்தியதை பெற்றவர். பிறவியினால் ஒருவனுக்கு உயர்வு வருவதை நாம் ஒத்துக்கொள்ளுவதில்லை. அப்படியிருக்க, பிறவியினால் ஒருவனுக்கு ஒரு தேசத்தின் எல்லையே வாரிசுச் சொத்தாக வருவதை மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளுவது என்று கேட்கிறோம்.

நிற்க. இந்தப் பாலத்தில் கம்பெனியார் செய்வதென்ன, ஜனங்கள் செய்வதென்ன என்று கணக்குப் பார்ப்போம். பாலத்துக்கு வந்து சேரும் பெரிய ரஸ்தாக்கள் வரிப்பணத்தில் போட்டவை. இரு முனையிலும் சாமான்களைச் சோதிக்கும் சுங்க உத்தியோகஸ்தர்களும், பாஸ்போர்ட்டு பார்க்கும் உத்தியோகஸ்தர்களும் சர்க்கார் சம்பளக்காரர்கள். பாலத்தின் மேல் ஓடும் சரக்கோ அநேக ஆயிரம் தொழிலாளிகளின் உழைப்பு. இவ்வளவும் பொதுவாய் இருக்க, வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கும் சுங்கக் காசு மட்டும் தனியார் பெட்டிக்குள் விழுகிறது. அது போதாதென்று தீர்வையில்லாக் கடையும், தீர்வையில்லாப் பெட்ரோல் பம்பும் வேறு.

அந்தக் கடையும் பம்பும் செய்த வேலையைக் கேளுங்கள். லாரிகள் டெட்ராய்ட் நகரத் தெருக்களுக்குள் புகுந்து ஜனங்களின் வீட்டு வாசலில் புகை கக்காமல், பெரிய ரஸ்தாவிலிருந்து நேரே பாலத்துக்கு ஏறும்படி சுமார் 23 கோடி டாலர் செலவில் ஒரு திட்டம் போடப்பட்டது. மிச்சிகன் மாகாணப் போக்குவரத்து இலாகா ஒரு பகுதியையும், பாலக் கம்பெனி ஒரு பகுதியையும் கட்டுவதென்று 2004-ல் ஒப்பந்தம். இலாகா தன் பகுதியைக் கட்டிற்று. கம்பெனியோ ஒப்பந்தப்படத்தில் ரஸ்தா போகவேண்டிய இடத்திலேயே கடையையும் பம்பையும் வைத்து, வண்டிகள் அவற்றைச் சுற்றிப் போகும்படி கட்டிற்று. இலாகா கோர்ட்டுக்குப் போயிற்று. இடித்துவிட்டு ஒப்பந்தப்படி கட்டு என்று 2010-ல் ஜட்ஜ் உத்தரவு போட்டார். கம்பெனியார் சாக்குச் சொல்லிக் கொண்டே காலத்தைக் கடத்தினார்கள். 2012 ஜனவரியில் அந்த ஜட்ஜ் 84 வயதுள்ள மொரூனையும், கம்பெனித் தலைவரையும் கோர்ட்டு அவமதிப்புக்காகச் சிறைக்கு அனுப்பினார். ஓர் இரவு சிறையில் இருந்து, மறுநாள் மேல் கோர்ட்டு உத்தரவின் பேரில் வெளியே வந்தார்கள். கடைசியில் வேலையைக் கம்பெனி கையிலிருந்து எடுத்து இலாகாவிடமே ஒப்புவித்த பிறகுதான், 2012 செப்டம்பரில் அந்த ரஸ்தா திறக்கப்பட்டது.

ஒரு பெட்ரோல் பம்புக்காக ஒரு பட்டணத்து ஜனங்கள் இத்தனை வருஷம் லாரிப் புகை குடித்தார்கள்! "தனி முதலாளி என்றால் சுறுசுறுப்பு, சர்க்கார் என்றால் சோம்பல்" என்று பாடம் சொல்லுகிற பண்டிதர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

இனி அக்கரைக்குப் போவோம். விண்ட்சரில் பாலத்தடியில் சாண்ட்விச் என்று ஒரு பழைய குடியிருப்பு. அங்கே கம்பெனியார் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்டிக்கொள்ளும் நோக்கத்தோடு நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை வாங்கி, ஜன்னலுக்கும் கதவுக்கும் பலகை அடித்து, வருஷக்கணக்காய்ச் சும்மா போட்டு விட்டார்கள். பாழடைந்த வீடுகளின் நடுவில் மீதியுள்ள குடும்பங்கள் வாழவேண்டியதாயிற்று. ரிப்பேர் செய் என்று நகரசபை உத்தரவு போட்டபோது, கம்பெனி சொன்ன பதிலைக் கேளுங்கள்: "நாங்கள் மத்திய சட்டசபைச் சட்டத்தினால் ஏற்பட்டவர்கள். உங்கள் நகரசபை விதி எங்களைக் கட்டாது" என்பதாகும். இந்த வழக்கு எந்தக் கோர்ட்டில் நடக்கவேண்டும் என்கிற கேள்வியே கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2016-ல்தான் தீர்ந்தது. அதற்கு முந்தின வருஷத்தில்தான் பாலத்திலிருந்து காங்கிரீட் துண்டுகள் கீழே தெருவில் விழுந்து, நகரசபையார் அடியிலுள்ள தெருக்களை மூடினார்கள்.

இக்கரையிலும் இதே பாட்டுதான். டெட்ராய்ட் நகர விதிகள் குறுக்கே வந்தபோது, "நாங்கள் மத்திய சர்க்காரின் கருவி" என்று கம்பெனி 2008-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தது. பிறகு வேறொரு வழக்கில் மத்திய சர்க்காரே கோர்ட்டுக்கு வந்து, "இவர்கள் எங்கள் கருவி அல்ல" என்று சொல்ல வேண்டி வந்தது. லாபக் கணக்கு எழுதும்போது தனியார். விதிக்குக் கட்டுப்படச் சொன்னால் சர்க்கார்! இந்த இரட்டை வேஷத்துக்கு நம் நாட்டுக் கூத்தில்கூட இடமிருக்குமா என்பது சந்தேகந்தான்.

இனி, இன்னொரு பாலம் வேண்டும் என்று ஜனங்களும் சர்க்கார்களும் கேட்டபோது நடந்ததுதான் எல்லாவற்றிலும் விசேஷமானது.

இரண்டு தேசத்துக்கும் நடுவே தரைவழியாய் நடக்கும் வியாபாரத்துக்கு இந்த ஒரு பாலமே கழுத்தாக இருந்தது. கழுத்தைப் பிடித்தால் உடம்பு என்ன ஆகும் என்பதை 2022 பிப்ரவரியில் எல்லோரும் பார்த்தார்கள். கொரோனா கட்டுப்பாடுகளை எதிர்த்துச் சிலர் வண்டிகளை நிறுத்தி, விண்ட்சர் பக்கத்தை ஆறு நாள் மறித்தார்கள். இரு தேசத்துச் சரக்கு வியாபாரத்தில் சுமார் கால்பங்கு அன்று அதன் மேல்தான் போய்க்கொண்டிருந்தது. சாமான் வராமல் மோட்டார் தொழிற்சாலைகள் வேலையைக் குறைத்தன. தொழிலாளிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இப்படி ஆகக்கூடும் என்று அதற்கு வெகு காலம் முன்னமேயே பொதுப் பாலம் கேட்டவர்கள் சொல்லித்தான் வந்தார்கள். ஆனால் கழுத்து ஒன்றாய் இருக்கும் வரையில்தானே அதைப் பிடித்திருக்கும் கைக்கு மதிப்பு?

ஆகவே கம்பெனியார் பொதுப் பாலத்தை வழக்குப் போட்டுத் தடுக்கப் பார்த்தார்கள். சட்டசபை அங்கத்தினர்களின் தேர்தல் செலவுக்குத் தாராளமாய் நன்கொடை கொடுத்தார்கள். மிச்சிகன் சட்டசபையில் பாலத்துக்கான மசோதா நிறைவேறவில்லை. கவர்னர் ஸ்னைடர் ஏற்கெனவே உள்ள சட்டத்தைக் கொண்டே 2012 ஜூன் மாதத்தில் கனடாவோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். மிச்சிகன் கொடுக்கவேண்டிய 55 கோடி டாலரையும் கனடாவே முன்பணமாய்ப் போடுவது, பிறகு சுங்க வசூலிலிருந்து எடுத்துக்கொள்ளுவது என்பது நிபந்தனை. மிச்சிகன் ஜனங்களுக்குப் பாலமும் கிடைக்கும், பாதிச் சொந்தமும் கிடைக்கும், கைப்பணமும் போகாது.

உடனே கம்பெனியாருக்கு ஜனங்களின் பேரில் அபாரமான கருணை பிறந்து விட்டது! "ஜனங்களை ஓட்டுக் கேட்காமல் எல்லை தாண்டும் பாலம் கட்டலாமா?" என்று முழங்கி, அப்படிக் கட்டக்கூடாதென்று மாகாண அரசியலமைப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்று ஒரு பிரேரணையை 2012 நவம்பர் தேர்தலில் ஓட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அதற்காக 3 கோடி டாலருக்கு மேல் செலவு செய்தார்கள். உங்கள் வரிப்பணம் பாழாகிறது என்று விளம்பரத்தின் மேல் விளம்பரம். தங்கள் பாலத்தை ஓட்டுக்கு விடுகிறோம் என்று மட்டும் அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜனங்களோ ஏமாறவில்லை. நூற்றுக்கு அறுபது பேர்போல் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டு அந்தப் பிரேரணையைத் தள்ளிவிட்டார்கள். பணம் விளம்பரத்தை வாங்கும். ஆனால் விஷயம் தெரிந்த ஜனங்களின் ஓட்டை வாங்காது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கனடா சர்க்கார் விண்ட்சர்–டெட்ராய்ட் பால அதிகார சபை என்று ஒரு பொது ஸ்தாபனத்தை ஏற்படுத்திற்று. அதன் மேல் பார்வைக்கு ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டுச் சபை. கனடா பக்கத்துக்கு மூவர், மிச்சிகன் பக்கத்துக்கு மூவர். பாலத்தின் சொந்தக்காரர்கள் கனடாவும் மிச்சிகனும். 2018-ல் வேலை துவங்கிற்று. 853 மீட்டர் நடுக்கண், ஆறு வண்டித் தடங்கள், இவற்றோடு நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் தனிப் பாதை. 2024 ஜூனில் இரு கரைகளிலிருந்தும் நீண்டு வந்த தளம் நடு ஆற்றின் மேல் ஒன்று சேர்ந்தது. அந்த நடைபாதை நமக்கு முக்கியமாய்த் தோன்றுகிறது. ஏனெனில் நடந்து போகிறவனிடம் லாபம் கிடையாது. லாபமில்லாதவனையும் மனிதனாய் எண்ணி அவனுக்கும் வழி வைப்பதுதான் பொது ஸ்தாபனத்தின் அடையாளம். பாலத்துக்கு வைத்த பெயரோ ஒரு சாமியின் பெயரும் அல்ல, ராஜாவின் பெயரும் அல்ல. கனடாவில் பிறந்து டெட்ராய்ட் கோஷ்டிக்காக 25 பருவங்கள் ஹாக்கி ஆடிய கோர்டி ஹோவ் என்னும் ஆட்டக்காரரின் பெயர்.

இவ்வளவு சொல்லுவதனால், சர்க்கார் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் புனிதமாகி விடும் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்து விடக்கூடாது. எதையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவது நம் வழக்கமல்ல. 570 கோடி கனடா டாலர் என்று ஒப்பந்தம் செய்த செலவு 640 கோடிக்கு ஏறியது. 2024 முடிவில் முடியும் என்று முதலில் சொன்ன வேலை அப்போது முடியவில்லை. கொரோனா காலத்தில் வேலை தடைப்பட்டது என்கிறார்கள். அது ஒரு காரணந்தான். ஆனால் கணக்கைக் கேட்க ஜனங்களுக்குப் பாத்தியம் உண்டு. அன்றியும், டெட்ராய்ட் பக்கத்தில் பாலம் வந்து இறங்கும் இடம் டெல்ரே என்கிற ஏழைத் தொழிலாளிகளின் குடியிருப்பு. அங்கே அநேகர் வீடு வாசலை விட்டுப் போகவேண்டியதாயிற்று. மீதியுள்ளவர்களின் ஜன்னலுக்கு நேரே லாரிகள் போகும்படி ஆயிற்று. பாலம் எங்கே இறங்கும் என்றால், எப்போதும் ஏழையின் வீட்டின் மேல்தான் இறங்கும். பணக்காரன் பங்களாவின் மேல் இறங்கின பாலத்தை நாம் கேள்விப்பட்டதில்லை. அந்த ஜனங்கள் சங்கம் கூடிப் போராடித்தான் வேறு வீடு, வீட்டு ரிப்பேர், வேலைப் பயிற்சி முதலியவற்றுக்கு உறுதி வாங்கினார்கள்.

ஆனால் இங்கேதான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பொது ஸ்தாபனம் தவறு செய்தால், செலவு ஏறிற்று என்பது நமக்குத் தெரிகிறது; ஏன் என்று கேட்கிறோம்; சட்டசபையில் கேள்வி போடுகிறோம்; ஓட்டினால் ஆளை மாற்றுகிறோம். தனி முதலாளி வீட்டுக் கணக்கில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்று யார் கேட்பது? அவனை எந்த ஓட்டினால் இறக்குவது? "புதுப் பாலத்தையும் ஒரு தனியார் கோஷ்டிதானே கட்டுகிறது?" என்று சிலர் மடக்கலாம். ஆம், ஒப்பந்தத்தின் பேரில் கட்டுகிறார்கள். முப்பது வருஷம் பராமரிக்கவும் கூலி பேசியிருக்கிறார்கள். வீடு கட்டுகிற கொத்தனுக்குக் கூலி கொடுப்பது நியாயம். கொத்தன் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டு, நம்மை வாசலில் நிறுத்திக் காசு கேட்பது நியாயமா?

"பொதுவில் நடத்தினால் எல்லைப் பாலம் நடக்காது" என்பவர்களுக்கும் அதே எல்லையிலேயே பதில் இருக்கிறது. அதே டெட்ராய்ட் நதிக்கு அடியில் 1930-ல் திறந்த சுரங்கப் பாதை இன்று இரு நகரங்களின் சொத்து. போர்ட் ஹ்யூரனுக்கும் சார்னியாவுக்கும் நடுவே 1938-ல் ஒன்றும் 1997-ல் ஒன்றுமாகக் கட்டிய புளூ வாட்டர் பாலங்கள் பொது ஸ்தாபனங்களின் கையில். பஃபலோவில் 1927-ல் திறந்த சமாதானப் பாலத்தை இரு பக்கத்திலும் ஐந்து ஐந்து பேராகப் பத்துப் பேர் கொண்ட பொதுச் சபை நடத்துகிறது. இவை ஒன்றும் இடிந்து ஆற்றில் விழுந்துவிடவில்லை. சுங்கம் இவற்றிலும் உண்டு. ஆனால் அந்தக் காசு ஒரு குடும்பத்தின் பெட்டிக்குப் போகாமல் பாலத்துக்கும் பொதுவுக்கும் போகிறது.

ஆகவே தோழர்களே, நாம் சொல்லுவது இதுதான். காற்று, தண்ணீர், வழி இவை ஒருவன் பூட்டி வைக்கக்கூடிய பண்டங்கள் அல்ல. நம் ஊர் ஆற்றில் பரிசல் துறையை ஏலத்தில் எடுத்தவன்கூட ஏலக்காலம் முடிந்தால் துறையை விட்டுப் போகவேண்டும்; பிள்ளைக்கும் பேரனுக்கும் அது போகாது. அந்தச் சாதாரண அறிவு மகா மேதாவிகள் செய்த 1921-ம் வருஷத்துச் சட்டங்களில் இல்லாமல் போனதன் பலனை, இரண்டு பட்டணத்து ஜனங்கள் நூறு வருஷமாய் அனுபவித்து வருகிறார்கள்.

உங்கள் ஊரில் ஒரு ரஸ்தாவோ, பாலமோ, படகுத் துறையோ தனியார் கைக்குப் போகிறது என்று கேள்விப்பட்டால், "சர்க்காருக்குச் செலவில்லையாமே" என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள்: எத்தனை வருஷத்துக்கு? கட்டணத்தை நிர்ணயிப்பவன் யார்? கணக்கைப் பார்ப்பவன் யார்? காலம் முடிந்தபின் சொந்தக்காரன் யார்? இந்த நான்குக்கும் எழுத்து மூலமாய்ப் பதில் வராத வரையில் கையெழுத்துப் போட விடாதீர்கள். அது பொது ஸ்தாபனத்தின் கையில் இருந்தாலும், இதே கேள்விகளைக் கேட்பதை நிறுத்தாதீர்கள். பொதுச் சொத்து என்பது யாரும் கேளாத சொத்து அல்ல, எல்லோரும் கேட்க வேண்டிய சொத்து என்பதை ஜனங்கள் என்றைக்கு உணருகிறார்களோ, அன்றைக்குத்தான் பாலங்கள் உண்மையில் இரண்டு கரைகளைச் சேர்க்கும்.